ஓரகத்தியின் செவிச்சில்லு

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் எல்லோரும் ஞாபகத்தையும் கழுவிவிடுவார்கள். நேற்று தின்ற உப்புமா, யாரோ சொன்ன ஊர்வம்பு என்று ஒரு வாரத்துக் குப்பை, காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லில் இடத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே மனிதர்களின் நினைவெல்லாம் அதற்குள்தான்.

செண்பகவல்லி இந்த வாரம் கழுவவில்லை. அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஓரகத்தி மங்களேஸ்வரிக்குப் புதுச் சில்லு வந்திருந்தது. குடும்ப விருந்தில், "நாலு பதினேழுக்குப் புழுதிப்புயல் வருது, சூரியத் தகட்டை மூடிருங்க" என்றாள் அவள். சொன்ன நிமிடத்தில் வந்தது. செண்பகவல்லியின் சில்லும் அதே கணக்கைப் போட்டு அதே விடையைச் சொன்னது, மறுநாள் சாயங்காலம். அவளுடைய கணவன் சிதம்பரநாதனே மங்களத்தை வாய் நிறையப் பாராட்டினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புதுச் சில்லு ஆளுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒன்றுதான். அவள் முறை வர இன்னும் ஒன்பது வருஷம். சில்லு பழுது பார்க்கும் ஆரோக்கியசாமியிடம் போய் நின்றாள்.

அவர் நிதானமாக விளக்கினார். எந்தச் சில்லும் எந்தச் சில்லுக்கும் மட்டமில்லை. ஒன்று போடும் கணக்கை மற்றதும் போட்டுவிடும். வித்தியாசமெல்லாம் நேரத்திலும் இடத்திலும்தான். பாதிக் கணக்குகளை முன்கூட்டியே போட்டுவைக்க நிறைய இடம் கொடுத்தால், பழைய சில்லும் வேகமாக விடை சொல்லும்.

இடம் பண்ணித் தரச் சொன்னாள். அவர் அவளுடைய நினைவுகளைத் திரையில் அளந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதிக்கு மேல ஒரே விஷயம்தாம்மா அடைச்சிருக்கு. மங்களேஸ்வரி. அவங்க புடவை, அவங்க சிரிச்சது, அவங்க சில்லு. ஒவ்வொண்ணும் நாலஞ்சு பிரதி வேற. இதை மட்டும் எடுத்துட்டாப் போதும். வேற எதையும் தொட வேண்டாம்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவளை மறந்துவிட்டால், அவளுக்குச் சமமாக நிற்பதில் என்ன சுகம்?

"அது இருக்கட்டும். வேற எடுங்க."

இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் ஆரோக்கியசாமி கல்யாணத்தை எடுத்தார். போதவில்லை. மகள் பிறந்ததை, நடை பழகியதை, முதலில் பேசியதை எடுத்தார். இடம் கிடைத்துவிட்டது.

கூட்டிப்போக ஒருவர் வந்தார். அவர் கையைப் பிடித்திருந்த சிறுமி, "அம்மா" என்று ஓடிவந்தாள். செண்பகவல்லி நாகரிகமாக விலகிக் கும்பிட்டாள்.

"நீங்க யாருன்னு தெரியலைங்க. மங்களேஸ்வரிக்குத் தெரிஞ்சவங்கன்னா, சில்லு மாத்தாமலே நான் அவளை எட்டிப் பிடிச்சிட்டேன்னு சொல்லிடுங்க."