காளானுக்குத் தரை தெரியும்

"நிறுத்துங்க! ரம்பத்தை ஆஃப் பண்ணுங்க!"

கத்திக்கொண்டே ஓடி வந்தாள் அவள். கல்லூரியில் எல்லோருக்கும் அவள் 'காளான் டாக்டர்'.

மூடிக் கிடந்த காகித ஆலையின் பின்புறம். வைரம் பாய்ந்த ஒரு பட்டமரம் நீட்டிப் படுத்திருந்தது. கிளைக்கு அடியில்... மண்டை பிளந்த மரக் காண்ட்ராக்டரின் பிணம்!

'மரம் உறுதியாக உள்ளது' என்று போன வருஷம் சான்றிதழ் கொடுத்தவர் வனத்துறையின் மர அதிகாரி.

அவளுடைய கணவர்.

ஜீப்பின் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நேத்து சாயங்காலக் காத்துல சாஞ்சிருக்கு மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "சார் மேல கவனக்குறைவு கேஸ். ரெண்டு வருஷம் உள்ள."

"ஒரே நிமிஷம் சார்."

மண்டியிட்டாள். லென்ஸை எடுத்தாள். அடிமரம் முழுக்கத் தட்டுத் தட்டாய்க் காளான்கள்.

"காளான் பறிக்கிற நேரமா மேடம் இது?" இளித்தார் ஏட்டு.

"வாம்மா, போகலாம்..." கணவர் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "தப்பு என்னுதுதான். அனுபவிச்சுட்டுப் போறேன்."

"நீங்க சும்மா இருங்க! உங்களை யாரு தியாகி ஆகச் சொன்னா?"



"இங்க பாருங்க சார். காளானுக்கு அடியில ஊசி குத்தின மாதிரி துளை தெரியுதா? அது எப்பவும் தரையைப் பார்த்துத்தான் வளரும். மரம் நின்னப்ப வந்த பழசெல்லாம் இப்ப பக்கவாட்டுல பார்க்குது."

"சரி..."

"இந்தப் புதுசு? நேரா தரையைப் பார்க்குது! மரம் விழுந்தப்புறம் முளைச்சது. உள்ளங்கை அகலம் இருக்கு பாருங்க, இந்த ஜாதி இவ்வளவு வர ஆறு மாசம் பிடிக்கும்!"

ஏட்டின் இளிப்பு காணாமல் போனது.

"மரம் விழுந்து ஆறு மாசம் ஆச்சு சார்! இவரை யாரோ அடிச்சுக் கொன்னு, இதுக்கடியில சொருகியிருக்காங்க. இது விபத்தில்ல... கொலை! என் வீட்டுக்காரர் நிரபராதி!"

பெருமையோடு திரும்பினாள்.

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமாக ஃபைலைத் திறந்தார். காலையில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை நீட்டினார்.

'நேற்று மாலை ஐந்தரை மணிக்கு மரம் சாய்ந்து அவர் மேல் விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.'

கீழே கையெழுத்து... பதினாலு வருஷமாக அவளுக்குப் பழகிய கையெழுத்து!

"என்னங்க...?"

ஏட்டு கணவரின் கையில் விலங்கைப் பூட்டினார்.

"மரம் விழுந்துதான் ஆறு மாசம் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "சார் இப்பதான் விழுந்தார்!"