சுளகுக்கு இருபது பெட்டி

6.2.2007, செவ்வாய்க்கிழமை

இன்றைய தவறு: ஒன்பது நாளைக்குப் பிறகு காலையில் வந்த தண்ணீரை வீணாக்கினேன். குழாயில் டியூபைச் சொருகி டிரம்முக்குள் விட்டேன். டிரம் நிறைவதற்குள் ஒரு பக்கம் படித்துவிடலாம் என்று உள்ளே போனேன். பேனா மூடியைக் காணவில்லை. அதைத் தேடினேன். மூடி கிடந்த இடத்தில் ஒரு பழைய வார இதழ் கிடந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன்... வாசலில் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது தெரு நனைந்திருந்தது. ஐந்து குடமும் அண்டாவும் காலியாக இருந்தன. குழாயும் நின்றுவிட்டது.

பெரியம்மா மீனாட்சியம்மாள் என்னைத் திட்டவில்லை. பின்கட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த என் அம்மாவைத்தான் திட்டினாள்.

“பைத்தியத்து வயித்துல பொறந்தது வேற எப்படி இருக்கும்? ஏட்டி வெயிலு! ஒனக்குக் குடுத்த மாத்திரையில பாதிய இவளுக்கும் குடுத்துத் தொலைக்க வேண்டியதுதான!”

அம்மா வாசலில் தேங்கிய தண்ணீரைப் பழைய சேலையால் ஒற்றி, வாளியில் பிழிந்து, முருங்கை மரத்துக்கு ஊற்றினாள்.

அந்த மாத்திரை அம்மாவுடையது அல்ல. என்னுடையது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. அதனால் முதலிலிருந்து முறையாக எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. நாகலாபுரத்திலிருந்து அம்மா வெயிலுகந்தம்மாள் என்னைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் பெரியப்பா வேல்சாமி வீட்டுக்கு வந்தாள். பெரியப்பாவுக்குச் சிறிய தீப்பெட்டித் தொழிற்சாலை; எங்கள் ஊரில் ஆபீஸ் என்போம். அம்மா மூன்று வேளையும் சமைத்தாள். சமையல் முடிந்ததும் சுளகு என்கிற முறத்தை முன்னால் வைத்து ஆபீசுக்குப் பெட்டி ஒட்டினாள். பெரியப்பா நல்லவர், ஆனால் மறதிக்காரர். பசை மாவு வாங்கப் போய்ப் பலாப்பழத்தோடு வருவார். என்னைக் கல்லூரியில் மாலை வகுப்பு பி.காம். சேர்த்துவிட்டதும் அவர்தான்.

முதல் வருடம் நான்கு பாடத்தில் தோற்றேன்.

“நவம்பர்ல நாலையும் எழுதி எடுத்துரு தாயி. இல்லன்னா படிப்ப நிறுத்திட்டு மாப்பிள்ள பாத்துருவோம்” என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தேன்.

தெரியாமல் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். கணக்கியல் தாளில் ஒரு முழுக் கேள்வியைப் பார்க்காமலே எழுந்து வந்தேன். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே இருப்பேன். மணி அடித்ததும் நோட்டு வெள்ளையாக இருக்கும். ஒரு வார இதழின் டாக்டர் பதில் பக்கத்தில் யாரோ ஒரு மாணவன் எழுதியிருந்த கடிதம் அப்படியே என்னைப் பற்றியது போல் இருந்தது. மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிப் பதில் போட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து என் தவறுகளை எண் போட்டு இந்த டைரியில் எழுதினேன். முப்பது நாளில் நூற்றுப் பதினேழு. சோம்பேறித்தனத்துக்கு ஒரு நோயின் பெயரைத் தேடுகிறேனோ என்ற சந்தேகத்தை நூற்றுப் பதினெட்டாவதாகச் சேர்த்தேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

“சோம்பேறியா இருந்தா இத்தனைய உக்காந்து எழுதுவாளா ஏட்டி?” என்றாள் அம்மா. “வா, போயிப் பாப்போம்.”

நாகலாபுரத்தில் ஒரு சடங்கு வீடு என்று பொய் சொல்லிவிட்டு, செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, மனநல டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா என் பட்டியலைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“சின்ன வயசுல எப்படிம்மா இருப்பா?”

“இப்படித்தான் டாக்டரம்மா. கூடச் சேந்து பெட்டி ஒட்டுவா. முழுக் கட்டையும் முன்னால போட்டா ரெண்டு ஒட்டிட்டு எந்திரிச்சு ஓடிருவா. அடிச்சும் பாத்தேன், கேக்கல. பெறகு ஒருநா சுளகுல இருபதே இருபது மட்டும் வச்சு, மிச்சத்தச் சாக்குக்குப் பின்னால மறைச்சு வச்சேன். இருபதையும் ஒட்டிட்டா! அடுத்த இருபது... அதையும் ஒட்டிட்டா! அன்னையில இருந்து சுளகுக்கு இருபதுதான். பள்ளிக்கூடப் பாடத்தையும் அப்படித்தான் வாசிக்கச் சொல்லுவேன். காலேஜுப் பொஸ்தகம் பெருசா இருக்கு... எனக்கு வாசிக்கத் தெரியாது, பிரிச்சு வைக்க முடியல.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“இது கவனக் குறைபாடு. சோம்பேறித்தனம் இல்ல, கிறுக்கும் இல்ல. மாத்திரை தர்றேன். ஆனா பாதி வைத்தியத்த நீங்க முன்னாலயே பாத்துட்டீங்க. அதையே பண்ணுங்க.” பிறகு, “வீட்டுல வேற யாருக்கும் இப்படி உண்டா?” என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும் வரைதான் நிலைத்தது. திருநெல்வேலிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்த எங்கள் தெருக் கடைக்காரர் பூவனநாதன் அண்ணாச்சி எங்களை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறார். எங்களுக்கு முன்னால் அவர் போன் வந்து சேர்ந்துவிட்டது.

“சடங்கு வீடு நல்லா நடந்துச்சா?” என்றாள் பெரியம்மா. “கல்யாணம் ஆகாத பிள்ளைய ஒளிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா என்ன அர்த்தம்? ராத்திரி எட்டரைக்குக் காலேஜு விட்டு வாராளே, அங்கன எவன் கூடயாவது...”

“அக்கா!” அம்மா அலறியே விட்டாள். “அவ மேல அபாண்டம் சொல்லாதீங்க... அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்... எனக்குத்தான் புத்தி சரியில்ல. மனநல டாக்டர்ட்ட போனேன். இவ தொணைக்கு வந்தா.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தாள். பிறகு பின்கட்டில் வைத்துக் கேட்டபோது சொன்னாள்: “எனக்கென்ன, மாப்பிள்ளையா பாக்கப் போறாவ? நான் பைத்தியமா இருந்தா யாருக்கு நட்டம்? நீ பரிட்சைய எழுது.”

நட்டம் மறுநாளே தெரிந்தது. பெரியம்மா அம்மாவை அடுப்படிக்குள் விடவில்லை. “புத்தி பெசகி வீட்டக் கொளுத்திட்டா?” என்று தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தீக்குச்சி மருந்து கிடக்கிற இடம் என்று ஆபீசுக்குள்ளும் வரக்கூடாது. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற வீட்டில் அம்மாவுக்கு மட்டும் ஒரு தீக்குச்சி கிடையாது. பதினான்கு வருடம் ஆண்ட அடுப்படியை வெளியே நின்று பார்த்தாள். சமையல் பெரியம்மா கைக்குப் போனது. பெரியப்பா ஒருநாளும் குறை சொல்லவில்லை. மெலிந்துபோனார், அவ்வளவுதான்.

நான் பேசியிருக்க வேண்டும். நாளைக்கு, பரிட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இதற்கு நோய் காரணம் இல்லை. இது என் கோழைத்தனம். இதற்கு எண் போடவில்லை.

படித்தேன். புத்தகங்களின் தையலைப் பிரித்தேன். பத்துப் பத்துப் பக்கமாக நானே கட்டினேன். அம்மா ஒரு கட்டைச் சுளகில் வைப்பாள். மிச்சத்தைச் சாக்குக்குப் பின்னால் மறைப்பாள். “சுளகு காலியாகட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி ஒட்டப் போவாள். நவம்பரில் நான்கு தாளும் எழுதினேன். ஒவ்வொரு தாளையும் கடைசிப் பக்கம் வரை திருப்பிப் பார்த்தேன்.

இன்று மதியம் நெட் சென்டரில் ரிசல்ட் பார்த்தேன். நான்கும் பாஸ். கணக்கியலில் அறுபத்தொன்று! பதிவெண் என்னுடையதுதானா என்று மூன்று தடவை சரிபார்த்தேன். செருப்பை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

“நாலுமா! ஏ மீனாட்சி, கேட்டியா? என் தம்பி புத்தி அப்படியே வந்திருக்கு!”

“நல்லவேள, தாய் புத்தி வரல” என்றாள் பெரியம்மா.

பின்கட்டு வாசலில் அம்மா நின்றாள். கையெல்லாம் பசை. முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பேச்சு அவள் காதிலேயே விழாதது போல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்... என்னால் முடியவில்லை. டைரிக்குள் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினேன்.

“பெரியப்பா, இதுல இருக்க பேர வாசிங்க.”

“ஏட்டி, வாய மூடு!” என்று அம்மா ஓடி வந்தாள்.

“இனி மூட மாட்டேன்மா. வாசிங்க பெரியப்பா.”

“ராமலட்சுமி... வயசு இருபது...” அவர் குரல் இறங்கியது. “இது நீதான தாயி?”

“நான்தான். மாத்திரையும் எனக்குத்தான். அம்மாவுக்கு ஒண்ணுமே கிடையாது. என் பேரு கெட்றக் கூடாதுன்னு பைத்தியக்காரிப் பட்டத்தத் தூக்கித் தன் தலையில வச்சிக்கிட்டா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்... அஞ்சு மாசம் சும்மா நின்னேன் பெரியம்மா! நீங்க பேசின ஒவ்வொரு பேச்சும் என்னையப் பேசினது!”

பெரியம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

“சண்டாளி நான்... என்னெல்லாம் சொன்னேன்! ஏட்டி வெயிலு, ஒரு வார்த்த திருப்பிச் சொல்லிருக்கக் கூடாதா?”

“சொன்னா பிள்ள படிப்பு போயிரும்லக்கா...”

பெரியம்மா இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். அம்மாவின் பசைக் கையை விரித்து அதில் வைத்து மூடினாள். அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அம்மாவும் அழுதாள். நான் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டேன்.

முதலில் கண்ணைத் துடைத்தது அம்மாதான்.

“சரிக்கா, விடுங்க. நான் போயி ஒரு ரசம் வைக்கேன். அத்தான் எலும்பும் தோலுமா நிக்காவ.”

பெரியம்மா அழுகையோடு சிரித்துவிட்டாள். உடனே அம்மாவுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. “அத்தான், இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒரு சம்பந்தம்...”

“தெரியட்டும் தாயி” என்றார் பெரியப்பா. “நாலு பாடமும் பாஸானதையும் சேத்தே தெரியட்டும். பூவனநாதனுக்கு நானே போன் போட்டுச் சொல்லுதேன்.”

போனை எடுக்கப் போனவர் பாதி வழியில் காலண்டர் முன்னால் நின்றுவிட்டார். தேதி கிழித்தார். அதில் தொங்கிய வாடிய மாலையைச் சரிசெய்தார். பிறகு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஏட்டி ராமு,” என்றார் மெதுவாக. “அந்த டாக்டரம்மா... எந்தக் கிழமை இருப்பாவ?”

நாளை புதன்கிழமை, டாக்டரம்மா இருக்கிற நாள். காலை ஆறரை மணி பஸ்ஸில் பெரியப்பாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போக வேண்டும். போகிற வழியில் நெட் சென்டரில் கேட்டுச் செருப்பை வாங்க முடியாது, கடை திறந்திருக்காது. அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டை இப்போதே பையில் வைக்க வேண்டும்.