ராணிக் கலராகிப் போன சிவப்பு

சனிக்கிழமை காலையில் ஹர்ஷினி வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் பர்ஹத் அடுப்பை அணைத்தாள். தீ விபத்துக்கு இன்சூரன்ஸ் கேட்பவர்கள் சொல்லும் கதை உண்மைதானா என்று பார்த்துச் சொல்வது பர்ஹத்தின் வேலை. சிவகாசியில் அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. கணவன் அசாருதீனுக்குச் செல்போன் கடை. ஆனால் மனைவியைத் தேடி ஒரு புதிர் வந்துவிட்டால் போதும், ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டர் சாவியோடு தயாராகிவிடுவான். துப்பறிவதில் அவனுக்கு ஆர்வம் ரொம்ப அதிகம், விடைதான் ஒருநாளும் சரியாக வராது.

"அக்கா, எனக்குச் சிவப்பு தெரிய மாட்டேங்குது."

பர்ஹத் தன் துப்பட்டாவைக் காட்டினாள். "இது என்ன கலரு?"

"சிவப்பு."

"தெரியுதே."

"அதான் அக்கா எனக்கு ஒண்ணும் புரியல" என்ற ஹர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் ராஜபாண்டியன் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்பவள். தாயில்பட்டிக் கம்பெனி ஒன்றுக்குச் சுத்தச் சிவப்பில் லேபிள் செய்து கொடுத்தாள். அச்சாகி வந்தது ராணிக் கலர், அதாவது கல்யாணப் பட்டில் வரும் அடர்ந்த ரோஜா நிறம். முன்பும் ஒருமுறை இப்படி ஆனது. இந்தத் தடவை கம்பெனிக்காரர் லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"சீசன் அவசரத்துல மொதல்ல ஒரு தாள்ல மாதிரி போட்டுப் பாக்கல. விருதுநகர் போயி டாக்டர்ட்ட காட்டுனேன். கண்ணு நல்லாருக்குன்னுட்டாரு. அப்பக் கோளாறு என் மூளையிலயா அக்கா? நேத்து மிஷின்காரக எல்லாத்துக்கும் முன்னாடி, கண்ணு தெரியாதவளுக்குக் கலர் வேலை எதுக்குன்னு மொதலாளி அண்ணாச்சி கேட்டாரு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலேன்னா வேலைக்கு வர வேணாமாம்."

"கெட்டுப்போன லேபிளை எல்லாம் என்னைக்குச் செஞ்ச?"

ஹர்ஷினி யோசித்தாள். "ரெண்டுமே சனிக்கிழமை. மத்த நாள் செஞ்சது நல்லாத்தான் வந்துச்சு."

"சனிக்கிழமையா? அன்னைக்கு மட்டும் எவனோ மையை மாத்துறான்" என்று அசாருதீன் எழுந்தே விட்டான்.

மூவரும் அச்சகத்துக்குப் போனார்கள். மாடியில்தான் டிசைன் அறை. முந்தின நாள் வெள்ளிக்கிழமைப் பூஜை நடந்திருந்தது. கல்லா மேசை, சுவிட்ச் போர்டு, பிரிண்டர், லேப்டாப் என்று ஒன்று விடாமல் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. முதலாளி ராஜபாண்டியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபம் தணியாவிட்டாலும் வந்தவர்களுக்குக் காபி சொல்ல மறக்கவில்லை.

"வாங்கம்மா. நான் சொல்றேன் காரணத்த. இந்தா இருக்கே, சிலேட்டு கணக்கா ஒரு லேப்டாப்பு, இதுல போயி அம்புட்டுப் பெரிய டிசைன் சாப்ட்வேர ஓட்டுனா எப்படி வெளங்கும்? ஒரு படத்தத் தொறந்தா நான் ஒரு காபி குடிச்சிருவேன்."

"கம்பெனி கம்பெனியாத் தூக்கிட்டுப் போயிக் காட்டத் தோதா இருக்கும்னு நீங்கதான வாங்குனீக அண்ணாச்சி" என்றாள் ஹர்ஷினி மெதுவாக.

"மெதுவா ஓடுறது வேற, கலர் மாறுறது வேற. மெமரி பத்தலேன்னா சாப்ட்வேர் திக்கும், திணறும், அப்படியே நின்னும் போகும். செவப்பை மட்டும் தேடிப் பிடிச்சுக் கெடுக்காது" என்றாள் பர்ஹத்.

அதற்குள் அசாருதீன் கீழே போய் அச்சு இயந்திரத்தின் மையையெல்லாம் சோதித்துவிட்டு, கையெல்லாம் நீலமும் மஞ்சளுமாகத் திரும்பி வந்தான். மையில் ஒரு குறையும் இல்லை. அவன் முகம்தான் தொங்கிப் போயிருந்தது.

பர்ஹத் கெட்டுப்போன லேபிளைத் திரையில் திறக்கச் சொன்னாள். சுத்தச் சிவப்பு. அதே கோப்பை அசாருதீனின் செல்போனுக்கு அனுப்பச் சொன்னாள். கையைத் துடைத்துவிட்டு அவன் திறந்து காட்டினான். ராணிக் கலர். ஹர்ஷினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் பயந்துபோனாள்.

"ஒரே கோப்பு, ரெண்டு கலரு. எப்படிக்கா?"

பர்ஹத் ஒரு வெள்ளைத் தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். லேபிளைச் சுற்றித் திரையில் இருந்த வெள்ளை, தாளுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் மாதிரி மஞ்சளடித்துத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இதுக்கு முந்தி இந்தப் புள்ளை எதுல வேலை பாத்துச்சு?"

"பெரிய கம்ப்யூட்டர். பெட்டி மேசைக்கு அடியில கெடக்கும்."

"வெள்ளிக்கிழமை அதுக்குப் பொட்டு எங்க வைப்பீக?"

"பெட்டி மேலதான்."

"இந்த லேப்டாப்புக்குப் பெட்டி இல்லையே."

"அதான் மேல, நடுவுல வச்சேன். நெத்தி மாதிரி இருந்துச்சு" என்ற ராஜபாண்டியன், சொல்லி முடிக்கும்போதே குரல் இறங்கி, "பூசையவா குத்தம் சொல்றீக?" என்றார்.

"பூசைய இல்ல அண்ணாச்சி. இடத்தை."

பர்ஹத் திரையின் கறுப்பு விளிம்பைக் காட்டினாள். "இங்கன கேமராவுக்குப் பக்கத்துல, வெளிச்சம் பாக்குற சின்னக் கண்ணு ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி லேப்டாப்புல, சுத்தி இருக்குற வெளிச்சம் மஞ்சளா இருந்தா, கண்ணு கூசாம இருக்கத் திரையும் மஞ்சளா மாறிக்கிடும். சந்தனமும் குங்குமமும் அதை மூடுனதும், மஞ்ச வெளிச்சத்துல இருக்கோம்னு அது நெனைச்சுக்கிடுது."

"நான் மஞ்சள் தூக்கலா இருக்குன்னு நெனைச்சு..." என்று ஆரம்பித்தாள் ஹர்ஷினி.

"மஞ்சளைக் கொறைச்சிருக்க. அச்சுல செவப்பே ரோஸும் மஞ்சளும் சேர்ந்ததுதான? மஞ்சள் கொறைஞ்சா ராணிக் கலர்தான் மிஞ்சும். உன் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. திரைதான் பொய் சொல்லிச்சு. அடுத்து ரெண்டு நாள்ல பொட்டு காஞ்சு உதுந்துரும், திரையும் சரியாயிரும். அதனாலதான் சனிக்கிழமை வேலை மட்டும் கெட்டுது."

"அப்ப நான் ஏன்க்கா கவனிக்கல?"

"சிவகாசியில பொட்டு இல்லாத மிஷின் எது? எல்லாத்துலயும் இருக்கதை யாரு பாப்பா?"

ராஜபாண்டியன் கைக்குட்டையை நனைத்து, தான் வைத்த பொட்டைத் தானே துடைத்தார். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். திரையின் மஞ்சள் மெல்ல வடிந்தது. வெள்ளை வெள்ளையானது. அவர்கள் கண்முன்னாலேயே சிவப்பு ராணிக் கலராக மாறியது.

ஹர்ஷினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் தன்னையே சந்தேகப்பட்டது அவளுக்கு இப்போதுதான் வலித்தது.

"தப்பா நெனைச்சுக்காதம்மா. நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றார் ராஜபாண்டியன்.

அவள் உட்காரவில்லை. "எல்லாருக்கும் முன்னாடி வச்சுத்தான சொன்னீக அண்ணாச்சி. இதையும் அங்கன வந்து சொல்லுங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. ஆனாலும் படியிறங்கினார். கீழே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் தன் கையாலேயே நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஹர்ஷினி கண்ணுல ஒரு கோளாறும் இல்ல" என்றார். "கோளாறு என் விரல்லதான்."

ஹர்ஷினி மாடிக்குப் போய், லேபிளில் தான் குறைத்திருந்த மஞ்சளைத் திரும்பக் கூட்டினாள்.