குடிப்பதிவகம், மூன்றாம் நிலை

யாரையும் இன்னும் குடியேற்றாத ஊரில், பதிவகம் மூன்று பேரைக் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை இருட்டிக்கொண்டு பெய்ய, ஏசி ஓடாத மூன்றாவது மாடி அலுவலகத்தில் கம்பளத்தின் புழுங்கிய வாடையும் மூலையில் விரித்து வைத்த இரண்டு குடைகளின் ஈர வாடையும் கலந்து தேங்கி நிற்க, அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னர் காலத்தில் நடக்கும் கணினி விளையாட்டு அது. ஊரை நிறுவி, நீதிமன்றம், களஞ்சியம், குடிப்பதிவகம் என்று அரசுக் கட்டடங்களை எழுப்பி, ஒவ்வொன்றையும் நிலை நிலையாக உயர்த்த வேண்டும். பதிவகம் முதல் நிலையில் குடிகளின் எண்ணிக்கையைக் காட்டும். இரண்டாம் நிலையில் தொழிலைச் சொல்லும். மூன்றாம் நிலையில் அவரவர் இருக்கும் இடத்தைச் சொல்லும். வெளியீட்டுக்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கட்டடங்களை வரைந்தது அவள் அக்கா. அன்று அலுவலகத்தில் அவர்கள் இருவர்தான்.

"அக்கா, சும்மா பார்க்கலாம்னு இதுல யாரையாவது குடிவச்சியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? உன் பதிவகத்துக்குத்தான் எண்ணத் தெரியல." அக்கா நெற்றியைத் தேய்த்தபடி எழுந்தாள். "தலை வலிக்குது. டீ போடுறேன்."

தடுப்புக்குப் பின்னால் இருந்த சின்னச் சமையலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் கோப்பைக்குள் கரண்டி சுற்றும் ஓசை கேட்டது. அவசரமே இல்லாத ஓசை.

அவள் பதிவகத்தை இரண்டாம் நிலைக்கு உயர்த்தினாள். உளிச்சத்தம் எழுந்தது, தூண்கள் முளைத்தன, மேல்தளம் ஏறி உட்கார்ந்தது. பட்டியல் விரிந்தது.

சோதிப்பவள். வரைபவள். ஒட்டுக்கேட்பவள்.

கூட வேலை செய்பவர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். விளையாட்டை மூடிவிடலாம்தான். ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுபடி அழுத்தினாள். உளிச்சத்தம். கோபுரம் எழுந்தது.

சோதிப்பவள் – இருக்கையில்.
வரைபவள் – தெருவில்.
ஒட்டுக்கேட்பவள் – சமையலறையில்.

கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

தலையைத் திருப்பாமல் கைபேசியை எடுத்தாள். அக்காவை அழைத்தாள்.

"அக்கா, எங்க இருக்க?"

"கீழ வாசல்ல. பால் தீர்ந்துபோச்சு, கடைக்குப் போனேன்." மழைச்சத்தம் இரைந்தது. "சமையலறையிலேருந்து கத்திச் சொல்லிட்டுத்தானே வந்தேன்? நீயும் சரின்னியே."

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, மேல வராத."

"ஏன்டி? படி ஏறிட்டிருக்கேன்."

கரண்டி நின்றது.

சமையலறையின் பின்கதவு, படிக்கட்டுப் பக்கம் திறக்கும் கதவு, மெல்ல முனகியது. திரையில் கடைசி வரி மாறியது.

படிக்கட்டில்.

"அக்கா, கீழ ஓடு."

"அட, நீயே வந்துட்டியா." அக்காவின் குரலில் நிம்மதி. பிறகு மூச்சு. பிறகு, மிக மெதுவாக, "அப்ப போன்ல யாரு?"

இணைப்பு அறுந்தது.

நாற்காலி உருண்டு விழ அவள் ஓடினாள். கதவு. இருட்டு. கம்பிக் கைப்பிடியைப் பற்றிக் குனிந்தாள்.

ஒரு தளம் கீழே, பால் பை வெடித்து, வெள்ளை படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா நின்றிருந்தாள். அக்காவின் கையைப் பிடித்தபடி ஒருத்தி. தான் அணிந்திருந்த அதே நீலச் சட்டை. அதே பின்னல். முகம் தெரியவில்லை.

அக்காவை அழைக்க வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

குரல் கீழேயிருந்து வந்தது. அவளுடைய குரல். அவளுடைய நடுக்கம்கூட.

"அக்கா, கீழ ஓடு."

அக்கா நிமிர்ந்து மேலே பார்த்தாள். அவளைப் பார்த்தாள். முகம் வெளிறி, வாய் கோணி, முன்பின் பார்த்திராத எதையோ பார்ப்பதுபோல.

பக்கத்தில் இருந்தவளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாலில் வழுக்கி வழுக்கி, அவளோடு இருட்டுக்குள் இறங்கினாள்.