விசைகளுக்கு அடியில்

ஸ்பேஸ் விசையைக் கழற்றியதும் அடியில் முடி கிடந்தது. குட்டையான, நரை கலந்த தாடி முடி. முந்தின ஞாயிறுதான் அந்தக் கீபோர்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் துடைத்திருந்தாள். தாடிக்காரன் போய்ச் சேர்ந்து மாதங்களாகியிருந்தன.

அவள் கணவன் அவளுடைய பிறந்தநாளை மறந்தாலும் மறப்பான், கீபோர்டைச் சுத்தம் செய்ய மறக்க மாட்டான். விசைகளின் மூடிகளைக் கம்பிக் கொக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடியில் நிற்கும் குச்சிகளுக்கு நடுவே பிரஷ்ஷை ஓட்டுவான். யோசிக்கும்போதெல்லாம் தாடியைச் சொறிவான். உதிர்ந்ததெல்லாம் உள்ளே போகும். அவனுக்குப் பிறகு அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அவனைத் தொட வேறு வழி இல்லை.

ஆகவே முடியைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகை முட்டுகிற சந்தோஷம்தான் வந்தது. மேசை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க, உங்க இடம் அப்படியே இருக்கு," என்றாள். அதன்பிறகு வாரா வாரம் நாற்காலி போட்டாள். வாரா வாரம் முடி கிடைத்தது.

இன்று, மழை பிடித்துக்கொண்டு வீடெல்லாம் ஈரத்துணி வாடையும் ஜன்னல் கண்ணாடியின் நடுக்கமுமாய் இருந்த மதியத்தில், என்டர் விசைக்கு அடியில் வேறொன்று இருந்தது. நீளமான, தையல் நூலைவிட மெல்லிய முடி. முகர்ந்தாள். மகளின் ஷாம்பு வாசனை.

ஐந்து வயது மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா ரூமுக்குள்ள போனியாடி?"

"அப்பாதாம்மா கூப்பிட்டாரு. மடியில உக்கார வச்சுக்கிட்டாரு." வண்ணம் தீட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள். "என்னையும் கூட்டிட்டுப் போறாராம்."

அவள் அவனுடைய அறைக்குள் ஓடி, மிச்ச மூடிகளைக் கையாலேயே பெயர்த்தாள், நகம் பிய்ந்தது. அத்தனையையும் வாளியில் அள்ளிப் போட்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குப் போனாள். தட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் உட்கார வர மாட்டான் என்று ஏதோ ஒரு கணக்கு. குழாயைத் திறந்தாள். தண்ணீரின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது.

டக். டக்டக்.

குழாயை மூடினாள். சத்தம் நிற்கவில்லை. அவசரமில்லாத, பழகிய விரல்கள். நடுநடுவே தடுமாறுகிற ஒரு குட்டி விரல்.

கூடத்தில் மகள் இல்லை.

கதவைத் தள்ளினாள். மூடியில்லாத குச்சிகள் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தன. நாற்காலியின் மெத்தை ஓர் ஆளின் பாரத்துக்குக் குழிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், குழந்தை உட்கார்ந்திருந்தாள்.

குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. புள்ளைய விட்டுடுங்க!"

தட்டும் சத்தம் நின்றது.

"அம்மா..." மகளுக்கு மூச்சு முட்டியது. "அப்பா ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறாரு."

குழந்தையின் வயிற்றில் கவுன் துணி பத்து விரல்களாய்க் குழிந்தது. கோத்த விரல்கள். ஒவ்வொன்றாக இறுகின.