ஒரு தழும்புகூட இல்லை

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த பதினெட்டாம் நாள் காலையில், கலியாணசுந்தரத்தின் வலது காதுக் கடுக்கன் தலையணையில் கிடந்தது. எடுத்து மாட்டப் பார்த்தார். காதில் துளை இல்லை.

மூன்று வயதில் குத்திய துளை. ராத்திரி அந்த இடம் அரித்தது ஞாபகம் வந்தது; புண் ஆறும்போது வருமே, அந்த இதமான அரிப்பு.

சின்ன காஞ்சிபுரத்து மேடைகளில் அவருக்குச் 'சொற்கடல்' என்று பட்டம். யோசித்துக் கொடுத்தவரும் அவரே. சரிந்த குடலைப் பட்டு அங்கவஸ்திரத்தால் மூடிக்கொண்டே இரண்டு தேர்தல் பேசியவர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மன் சந்நிதியில், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வேண்டிக்கொண்டார்: "தாயே, ஆயிரம் பேர் எதிர்ல நிக்கறவன் நான். ஒடம்புல ஒரு ஓட்டைகூட இல்லாம அடைச்சுடு."

டாக்டர் வீட்டுக்கே வந்து தையல் போட்ட இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். பிரமாதமாகத் தேறிவிட்டீர்கள், சாயங்காலமே மேடை ஏறலாம் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் கலியாணசுந்தரம் குனிந்து கவனித்தார். தொப்புளையும் காணோம்.

காலையிலிருந்து சுவர் வழியே தடக் தடக்கென்று வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், வெயில் ஏற ஏற, யாரோ குளத்துக்கடியில் உட்கார்ந்து நெய்வதுபோல் மங்கி, தேய்ந்து, நூலிழையாகி நின்றது. ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று மனைவியைக் கேட்டார்.

அலமு இடது காதருகே குனிந்தாள். "நெய்துக்கினுதானே இருக்காங்க. காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களா?"

அவர் கேட்ட கடைசிச் சத்தம் அது.

மூன்று மணிக்கு மூக்கின் வலது பக்கம் அரித்தது. அவள் தலையிலிருந்த கதம்பத்தின் வாசனை பாதியானது. டெட்டால் நெடியும் பாதியானது. தொட்டுப் பார்க்கப் பயந்து கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஆறு மணி. ஜன்னலுக்கு வெளியே தொண்டர்கள், ஆளுயர மாலையுடன். பேச்சு வருகிறதா என்று கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தார். பாதிதான் திறந்தது. உதட்டோரம் அரித்தது. விரலை நுழைத்துப் பிளந்தார். விரலைச் சுற்றிச் சதை இறுகியது. பயந்து உருவினார்.

உருவியிருக்கக் கூடாது.

மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே வழவழவென்று தோல். ஒரு தழும்புகூட இல்லை.

கண்ணாடிக்குள், பின்னால் வந்த அலமுவின் கையிலிருந்து சந்தனக் கிண்ணம் விழுந்தது. சத்தமில்லை. ஜன்னலில், அவர் முதுகை மட்டும் பார்த்த தொண்டர்கள். எல்லாரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள்.

மிச்சமிருந்த ஒற்றை மூக்குத் துளையில், மெல்ல, இதமாக, அரிக்கத் தொடங்கியது.