நழுவல் எண்

காலை ஆறரைக்கே சிகாமணி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஏழு மணிக்குச் சுவரில் பதித்த மருத்துவ இயந்திரம் எஸ்தரிடம் கேள்வி கேட்கும். பரீட்சை மனைவிக்கு; வியர்ப்பது இவருக்கு.

எஸ்தரின் இடுப்பு முறிந்தபோது மூட்டில் தொடையெலும்பின் பந்தை மட்டும்தான் மாற்றினார்கள். அது உட்காரும் கிண்ணம் அவளுடைய பழைய எலும்பே. பந்து அதிலிருந்து நழுவாமல் காப்பது இப்போது சட்டம். தினமும் சுவர் ஒரு நழுவல் எண் போடும். ஆழமில்லாத கிண்ணம், பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன், கால் நடுக்கம் எல்லாம் சேர்ந்து ஐம்பத்திரண்டு. அதை யாரும் குறைக்க முடியாது. மிச்சம் ஞாபகத்தைப் பொறுத்தது. எதைச் செய்யக் கூடாது என்பதை மறப்பவர்களுக்கு நழுவும் ஆபத்து அதிகமாம். எண் அறுபதைத் தாண்டினால் மூட்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு செவிலி வந்து திறந்தால்தான் எழுந்திருக்கலாம்.

கடைசியாகக் கையால் பஸ் ஓட்டியவர்களில் ஒருத்தி எஸ்தர். தினமும் சாயங்காலம் டெப்போவுக்கு நடந்துபோய், ஆளில்லாமல் ஓடும் பஸ்களைத் திட்டிவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதைப் பிடுங்கச் சிகாமணிக்கு மனம் வரவில்லை. அவளுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததிலிருந்து, எட்டு மாதமாகச் சுவரின் கண்ணில் படாமல் கையால் விடை காட்டிவந்தார்.

நேற்று அடுக்களையில் உருண்டுபோன மூடியைத் தேடி அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் ஏதோ உரசிய சத்தம் அவருக்கே கேட்டது. நல்லவேளை, பந்து பாதி நழுவித் திரும்பிவிட்டது. முழுதாகக் கழன்றால்தான் அது சுவருக்குத் தெரியும்.

“தாழ உக்காரக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலியே” என்று அழுதாள். தினமும் அவள் வாயால் சொல்லவைத்த விடை அது.

இன்று மணி ஏழு. “செய்யக் கூடாத மூன்று என்ன, எஸ்தர் அம்மா?” என்றது சுவர்.

“கால்மேல கால் போடக் கூடாது. காலை உள்பக்கமாத் திருப்பக் கூடாது.” அடுத்ததற்கு அவள் கண் அவர் கையைத் தேடியது. உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினால் போதும். சிகாமணி கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

எஸ்தர் அவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு.

“ஏங்க, உங்களுக்கும் மறந்துருச்சா? பரவால்ல, நாளைக்குச் சொல்லிருவோம்.”

“அறுபத்தொன்று” என்றது சுவர். அவள் இடுப்புக்குள் டக்கென்று ஒரு சத்தம். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“பிரேக்கை யாருங்க போட்டது?”

“நாந்தான்” என்றார் சிகாமணி.